வைகை அணையும் அதன் 6 மெகாவாட் மின்நிலையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி அருகே இருக்கும் வைகை அணை 1959 ஜனவரி 21 அன்று, காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது. நடுவில் கல் கட்டுமானம், இருபக்கமும் நீண்ட மண் கரை என்ற கலப்பு அமைப்பு. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட இந்த அணையில் மின்நிலையம் பிறகு வந்து சேர்ந்தது. அந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அணையின் உயரம் 111 அடி என்கிறார்கள், நாளிதழில் 71 அடி என்று வருகிறது. எது சரி?

இரண்டும் சரிதான். 111 அடி என்பது அடித்தளம் தொடங்கி உச்சிவரையிலான கட்டுமான உயரம். 71 அடி என்பது தண்ணீர் தேக்க அனுமதிக்கப்பட்ட உச்ச மட்டம். அன்றாடச் செய்தியில் வரும் 'நீர்மட்டம்' இந்த 71-ஐ வைத்துச் சொல்லப்படுவது. அந்த மட்டத்தில் கொள்ளளவு 6,091 மில்லியன் கனஅடி, அதாவது சுமார் 6.1 டி.எம்.சி.

50 அடி இருக்கிறதே, முக்கால் அணை நிரம்பிவிட்டதா?

இல்லை. நீர்த்தேக்கம் அடியில் குறுகியும் மேலே விரிந்தும் இருக்கிறது. மேலே உள்ள ஒரு அடியில் அடங்கும் தண்ணீர், அடியில் உள்ள ஒரு அடியில் அடங்குவதைப்போலப் பல மடங்கு. 50 அடியில் இருப்பு மொத்தக் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் நீர்மட்டத்தோடு இருப்பையும் (மில்லியன் கனஅடி) பாருங்கள். அடிக் கணக்கை மட்டும் பார்த்து நாற்று விடுவது ஆபத்து.

கனஅடி, மில்லியன் கனஅடி, டி.எம்.சி. இவற்றை எப்படி மாற்றிப் பார்ப்பது?

செய்தியில் வரும் '1,000 கனஅடி திறப்பு' என்பது ஒரு வினாடிக்கு. ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு 1,000 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கனஅடி. ஆயிரம் மில்லியன் கனஅடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. முழு அணையையும் வினாடிக்கு 1,000 கனஅடி வீதம் திறந்தால், நீர்வரத்தே இல்லாவிட்டால், கணக்குப்படி 70 நாளில் காலி. அடியில் தங்கும் வண்டலையும் மதகுக்குக் கீழே நிற்கும் தண்ணீரையும் கழித்தால் அதற்கும் முன்பே.

'நீர்வரத்து' என்ற எண்ணை எங்கே அளக்கிறார்கள்?

பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். நேற்றைய இருப்புக்கும் இன்றைய இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தோடு வெளியேற்றத்தைக் கூட்டினால் வரத்து கிடைக்கும். ஒரு நாளில் இருப்பு 86.4 மில்லியன் கனஅடி கூடி, வெளியேற்றம் வினாடிக்கு 500 கனஅடியாக இருந்திருந்தால், வரத்து 1,500 கனஅடி. இதில் ஒரு பலவீனம் உண்டு. பலத்த காற்று தண்ணீரை அணைப் பக்கம் தள்ளினால் அளவுகோலில் ஓரிரு அங்குலம் கூடுதலாகத் தெரியும். மழையே இல்லாத நாளில் வரத்து ஏறியதுபோல எண் வரும். மறுநாள் அது சரிந்துவிடும். ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

வைகைக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகை, கொட்டக்குடி ஆறு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். இதில் மூன்றாவதுதான் அணையின் முதுகெலும்பு. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாகத் தண்ணீர் தமிழகப் பக்கம் திரும்புகிறது. அங்கே நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் எட்டாது. மேலே 142 அடிவரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்துக்கு எட்டுவது இந்த இடைவெளியில் நிற்கும் தண்ணீர். அதிலும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் வழியில் உள்ள ஊர்களின் குடிநீரும் எடுத்தது போகத்தான் மிச்சம் வைகைக்கு வரும். பெரியாற்றில் திறந்ததாகச் சொன்ன அளவு வைகையில் வந்து சேரவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மின்நிலையம் எவ்வளவு பெரியது?

3 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு. மொத்தம் 6 மெகாவாட். இரண்டும் முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 1,44,000 யூனிட். மாநிலத்தின் தேவைக்கு முன் இது ஒரு துளிதான். ஆனால் எரிபொருள் செலவு கிடையாது, எப்படியும் ஆற்றில் விடப்போகும் தண்ணீரில் எடுப்பது. அந்த வகையில் லாபம்தான்.

மின்சாரத்துக்காக ஏன் தண்ணீர் திறப்பதில்லை?

இந்த அணையில் தண்ணீரின் உரிமையாளர் பாசனமும் குடிநீரும். எப்போது, எத்தனை கனஅடி, எத்தனை நாள் என்பதை அரசாணை சொல்கிறது, நீர்வளத்துறை திறக்கிறது. மின்வாரியம் அந்தத் தண்ணீரைச் சுழலி வழியாகக் கடத்தி ஆற்றுக்கே திருப்பித் தருகிறது. ஒரு சொட்டும் குறைவதில்லை. கோடையில் மின்தட்டுப்பாடு வந்தால்கூட 'கொஞ்சம் திறந்துவிடுங்கள்' என்று கேட்க வழியில்லை. அந்த நேரத்தில்தான் அணையில் குடிநீருக்கே இழுபறி.

அப்படியானால் 1,000 கனஅடி திறந்தால் எவ்வளவு மின்சாரம் வரும்?

சூத்திரம் எளிது: கிலோவாட் = 9.81 × நீரோட்டம் (வினாடிக்குக் கனமீட்டர்) × நிகர வீழ்ச்சி உயரம் (மீட்டர்) × திறன் விகிதம்.

வினாடிக்கு 1,000 கனஅடி என்றால் 28.3 கனமீட்டர். அணை நிறைந்திருந்து நிகர வீழ்ச்சி 18 மீட்டர், திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4,250 கிலோவாட் வருகிறது. அதே 1,000 கனஅடி, நீர்மட்டம் இறங்கி வீழ்ச்சி 12 மீட்டர் ஆனபின் 2,830 கிலோவாட்தான். தண்ணீர் அதே அளவு ஓடினாலும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 71 அடியை அப்படியே வீழ்ச்சியாக எடுத்துவிடாதீர்கள். கீழே ஆற்றில் நிற்கும் தண்ணீரின் மட்டத்தையும் குழாயில் ஏற்படும் உராய்வு இழப்பையும் கழிக்கவேண்டும்.

இதையே பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கும் லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு மின்நிலையத்தோடு ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கும். அங்கே மலைமேலிருந்து ராட்சதக் குழாய்களில் தண்ணீர் இறங்குவதால் 500 கனஅடியிலேயே சுமார் 45 மெகாவாட் கிடைக்கிறது. அதே 500 கனஅடி சில நாள் கழித்து வைகை அணையைக் கடக்கும்போது 2 மெகாவாட்டுக்குச் சற்று மேல். இரண்டு இடத்திலும் அதே தண்ணீர். வித்தியாசம் முழுக்க உயரத்தில்.

900 கனஅடி பாசனத்துக்குத் திறக்கும்போது இரண்டு இயந்திரமும் ஓடுமா?

மேலே சொன்ன 18 மீட்டர் வீழ்ச்சியில் ஒரு 3 மெகாவாட் இயந்திரம் முழுத்திறனில் ஓட சுமார் 700 கனஅடி தேவை. எனவே 900 கனஅடியில் ஒன்றை முழுதாகவும் மற்றொன்றைக் கால்வாசியிலும் ஓட்டலாம் என்று தோன்றும். அது கெட்ட யோசனை. குறைந்த சுமையில் சுழலியின் திறன் விழும், அதிர்வு கூடும், இறக்கைகள் அரிக்கும். இரண்டுக்கும் சமமாகப் பிரித்து 450, 450 என்று ஓட்டுவது, அல்லது ஒன்றை ஓட்டி மிச்சத்தை மதகு வழியாக விடுவது, இவற்றில் எது சிறந்தது என்பதை அந்தச் சுழலியின் திறன் வளைவைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இறக்கைகளின் கோணத்தை மாற்றக்கூடிய கப்ளான் வகை பகுதிச் சுமையை நன்றாகத் தாங்கும்; இறக்கை நிலையாக உள்ள வகை தாங்காது.

மதுரைக் குடிநீருக்கென வழக்கமாகச் சொல்லப்படும் 69 கனஅடியை மட்டும் வைத்துப் பார்த்தால் சுமார் 290 கிலோவாட் கணக்கு வரும். ஒரு இயந்திரத்தின் பத்தில் ஒரு பங்கு. அதில் 3 மெகாவாட் இயந்திரத்தை ஓட்ட முடியாது. பாசனத் திறப்பு இல்லாத மாதங்களில் மின்நிலையம் அமைதியாக இருப்பதன் காரணம் இதுதான்.

பாசனத்துக்குத் திறக்கும் அளவுகள் எப்படி முடிவாகின்றன?

பெரியாறு, வைகை இரண்டு அணைகளின் மொத்த இருப்பையும் எதிர்பார்க்கும் வரத்தையும் பார்த்து. முதலில் இருபோகப் பகுதி: திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில் 1,797 ஏக்கர், மதுரை மாவட்டத்தில் வாடிப்பட்டி வட்டத்தில் 16,452 ஏக்கர், மதுரை வடக்கு வட்டத்தில் 26,792 ஏக்கர், மொத்தம் 45,041 ஏக்கர். இதற்கு வினாடிக்கு 900 கனஅடி வீதம் 45 நாள் தொடர்ந்தும், 75 நாள் முறைவைத்தும் (விட்டு விட்டுத் திறப்பது), ஆக 120 நாள். 6,739 மில்லியன் கனஅடி. அடுத்து ஒருபோகப் பகுதி: பெரியாறு பிரதான கால்வாயில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதான கால்வாயில் 19,439 ஏக்கர், சேர்த்து 1,05,002 ஏக்கர். இதற்கு 1,130 கனஅடி, அதே 45, 75 நாள் கணக்கு, 8,461 மில்லியன் கனஅடி.

இந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 15,200 மில்லியன் கனஅடி. அணையின் கொள்ளளவோ 6,091. ஒரு வருடத்தில் இரண்டரை முறை நிரம்பிக் காலியானால்தான் இரண்டையும் முழுதாகக் கொடுக்க முடியும். வைகையை ஒரு சேமிப்புத் தொட்டி என்று நினைப்பதைவிட, பெரியாற்றுத் தண்ணீர் வந்து போகும் இடைத்தங்கல் என்று நினைப்பதே பொருத்தம்.

இவை போக, ஆற்றோரப் பூர்வீகப் பாசனம் 1,36,109 ஏக்கர். இதில் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்ற பங்கு. இந்தத் தண்ணீர் கால்வாயில் போவதில்லை. ஆற்றிலேயே ஓடி, வீரகனூர், பார்த்திபனூர் மதகணைகளில் பிரிந்து, கண்மாய்களுக்குப் போகிறது.

58 கிராமக் கால்வாயில் ஏன் எல்லா வருடமும் தண்ணீர் வருவதில்லை?

கால்வாயின் தலைப்பு உயரத்தில் இருக்கிறது. நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் உசிலம்பட்டிப் பக்கம் தண்ணீர் ஏறும். 71 அடி அணையில் 67-க்கு மேல் நிற்கும் நாட்கள் குறைவு. மட்டம் இறங்கியதும் கால்வாய் தானாக நின்றுவிடும், யாரும் மூடவேண்டியதில்லை.

திறந்த தண்ணீர் கடைமடைக்கு வராமல் எங்கே போகிறது?

முதல் குற்றவாளி ஆற்று மணல். மாதக்கணக்கில் காய்ந்த படுகை முதல் சில நாள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். படுகை நனைந்து ஊறியபின்தான் தலைத்தண்ணீர் நகரும். அதனால்தான் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்குச் சில நாள் முன்பே அணையைத் திறக்கிறார்கள். 1,000 கனஅடி வீதம் இரண்டரை நாள் விட்டால் 216 மில்லியன் கனஅடி ஆகிறது. அதில் கணிசமான பங்கு மணலுக்குள் போய்விடும். அது வீண் என்று சொல்லிவிட முடியாது, ஆற்றோரக் கிணறுகளும் குடிநீர் உறைகிணறுகளும் அதில்தான் ஊறுகின்றன.

இரண்டாவது, மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்துபோனது. பழைய வாய்க்கால்களின் தலைமதகு மேட்டில் நிற்க, ஆறு பள்ளத்தில் ஓடும். முன்பு 500 கனஅடியில் ஏறிய வாய்க்காலுக்கு இப்போது ஆயிரம், ஆயிரத்தைந்நூறு தேவைப்படுகிறது. திறக்கும் அளவைக் கூட்டுவதால் இதற்குத் தீர்வு வராது. குறுக்கே தடுப்பணை அல்லது படுகை அணை வேண்டும்.

மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து போய்விடும் என்கிறார்களே?

போகாது. சுழலி எடுப்பது தண்ணீர் விழும் வேகத்தின் ஆற்றலை மட்டும். மதகு வழியாக விட்டிருந்தால் அந்த ஆற்றல் நுரையாகவும் இரைச்சலாகவும் வீணாகியிருக்கும். பழைய பெரியவர்கள் சொல்வதில் ஒரு உண்மை வேறு இடத்தில் இருக்கிறது: அணை கட்டியபின் வண்டல் தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது, வயலுக்குத் தெளிந்த தண்ணீர்தான் போகிறது. அது அணையின் விளைவு. மின்நிலையத்தை மூடினாலும் மாறாது.

இயந்திரம் திடீரென நின்றால் கால்வாய்த் தண்ணீரும் நின்றுவிடுமா?

இது நல்ல கேள்வி, நடைமுறையில் அடிக்கடி சிக்கல் தருவதும் இதுதான். மின்தொகுப்பில் கோளாறு ஏற்பட்டு இயந்திரம் 'டிரிப்' ஆனால், சுமை இல்லாத சுழலி வேகமெடுக்கும். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி உடனே சுழலிக்குத் தண்ணீர் விடும் வழிகாட்டிக் கதவுகளை மூடும். சில வினாடிகள் எடுத்துக்கொண்டு மூடவேண்டும்: மெதுவாக மூடினால் சுழலி கட்டுக்கடங்காத வேகம் பிடிக்கும், சட்டென மூடினால் ஓடும் தண்ணீர் திடீரென நிற்பதால் குழாயில் நீரடி அழுத்தம் உண்டாகும். எப்படியும் ஒரு நிமிடத்துக்குள் ஆற்றுக்குப் போகும் ஓட்டம் அறுந்துவிடுகிறது. அணைப் பணியாளர் மாற்று மதகைத் திறந்து அதே அளவை ஈடுசெய்யவேண்டும். தாமதமானால் கீழே ஆற்றின் குறுக்கே உள்ள பேரணையில் மட்டம் விழுந்து, அங்கிருந்து பிரியும் கால்வாய்களில் அரை நாள் கழித்துக் குறை தெரியும். லோயர் கேம்ப்பில் இதே தேவைக்குத்தான் இரைச்சல் பாலம் வழி இருக்கிறது. மின்நிலையம் நின்றாலும் அதன் வழியே தண்ணீர் இறங்கும்.

மறுபடி இயக்கும்போது இன்னொரு தவறு நடக்கும்: மாற்று மதகை மூடாமல் சுழலியைத் திறந்துவிடுவது. ஓட்டம் இரட்டிப்பாகி, கீழே ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆபத்து. ஒன்றைத் திறக்கத் திறக்க மற்றதை மூடவேண்டும். இடையே தொலைபேசியில் உறுதி செய்யவேண்டும்.

இப்படிப்பட்ட சிறு நீர்மின் நிலையங்களில் பொதுவாக எவை பழுதாகின்றன?

குப்பைத் தடுப்புக் கம்பிகள் முதலிடம். முதல் வெள்ளத்தோடு வரும் ஆகாயத்தாமரை, தென்னை மட்டை, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே ஒட்டும். கம்பிக்கு முன்னும் பின்னும் நீர்மட்ட வித்தியாசத்தைப் பாருங்கள். அரை மீட்டர் வித்தியாசம் என்றால் 18 மீட்டர் வீழ்ச்சியில் கிட்டத்தட்ட 3 சதவீத மின்சாரம் குப்பைக்குப் போகிறது. அடைப்பு முற்றினால் கம்பியே வளைந்து உள்ளே போய்விடும்.

நீர்மட்டம் மிகவும் இறங்கியபின் ஓட்டினால் உறிஞ்சுவாய்க்கு மேல் சுழி உண்டாகிக் காற்று உள்ளே போகும். சுழலியில் சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டால் இறக்கையின் பின்பக்கம் நீராவிக் குமிழிகள் வெடித்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். சுமையைக் குறைத்துப் பாருங்கள். சத்தம் நிற்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். கோடை மராமத்தில் அந்தக் குழிகளைத் துருப்பிடிக்காத எஃகு வெல்டிங் கம்பியால் பற்றவைத்து நிரப்பி, பழைய வடிவுக்குத் தேய்த்து எடுக்கவேண்டும். வடிவம் தப்பினால் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் இன்னும் ஆழமாக அரிக்கும்.

மாதக்கணக்கில் நின்ற மின்னாக்கியை நேராக ஓட்டக்கூடாது. சுருள்களில் ஈரம் ஏறியிருக்கும். மெக்கர் என்ற அளவுக்கருவி வைத்துச் சுருள்களின் காப்புத்தடையைப் பாருங்கள். பழைய நடைமுறை விதிப்படி, இயந்திரத்தின் மின்னழுத்தம் எத்தனை கிலோவோல்ட்டோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மெகாஓம் குறைந்தபட்சம் இருக்கவேண்டும். 11 கிலோவோல்ட் இயந்திரத்துக்கு 12. குறைந்தால் உலர்த்திவிட்டுத்தான் இயக்கவேண்டும். நின்றிருக்கும் காலத்தில் உள் வெப்பமூட்டியை அணைக்காமல் விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. 'ஓடாத இயந்திரத்துக்கு எதற்குக் கரண்ட்' என்று அதை அணைத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு.

குளிர்விக்கும் நீரின் வடிகட்டி அடைபட்டால் தாங்கிகள் சூடேறும். வெள்ளக் கலங்கல் வரும் வாரங்களில் தினமும் கழுவவேண்டும்.

அணையில் கசிவு இருக்கிறது என்று கேள்விப்பட்டால் பயப்பட வேண்டுமா?

எல்லா அணையிலும் கசிவு உண்டு. பார்க்கவேண்டியவை இரண்டு: அளவு கூடுகிறதா, நிறம் மாறுகிறதா. அளவைப் பார்க்க 90 டிகிரி முக்கோண வெட்டுள்ள தட்டு வைப்பார்கள். வெட்டின் கூர்முனைக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 20 சென்டிமீட்டர் என்றால் 25 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் இரட்டித்தால் கசிவு ஐந்தரை மடங்குக்கு மேல், எனவே ஒரு சென்டிமீட்டர் ஏற்றமும் அற்பமல்ல. நீர்மட்டம் உயரும்போது கசிவு கூடி, இறங்கும்போது குறைந்தால் இயல்பு. நீர்மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினாலோ, தெளிவாக வந்தது கலங்கலாக வந்தாலோ, மண் கரையின் உள்ளிருந்து மண் அரித்துப் போகிறது. அதே நாளில் கவனிக்கவேண்டும். கல் கட்டுமானமும் மண் கரையும் சேரும் இடம், கரையில் வளரும் மரவேர், எலி, நரி வளைகள் இவை மூன்றும் வழக்கமான தொடக்கப் புள்ளிகள்.

வெள்ள எச்சரிக்கை எப்போது விடுவார்கள்?

66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அபாயச் சங்கு ஒலிக்கும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் போகும். மூன்றாவதுக்குப்பின் வரும் உபரி எப்போது வேண்டுமானாலும் ஆற்றில் திறக்கப்படலாம்.

69-க்கும் 71-க்கும் இடையே இரண்டு அடி இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். அந்த இரண்டு அடியில் அடங்குவது சில நூறு மில்லியன் கனஅடிதான். வினாடிக்கு 10,000 கனஅடி வந்தால் ஒரு நாளில் 864 மில்லியன் கனஅடி. அந்த இடம் ஒரு நாள்கூடத் தாங்காது. முதல் எச்சரிக்கையிலேயே படுகையில் உள்ள மோட்டாரையும் மாட்டையும் ஏற்றிவிடுங்கள். மதுரையில் தரைப்பாலங்களை மூன்றாவது எச்சரிக்கைக்குப்பின் நம்பவேண்டாம்.

வெள்ளத்தின்போது ஷட்டர்களை எந்த வரிசையில் திறப்பார்கள்?

உபரி நீருக்கு ஏழு பெரிய மதகுகள். பொது விதி, நடுவிலிருந்து இருபுறமும் சமமாக, சிறிது சிறிதாக. ஓரத்தில் மட்டும் திறந்தால் கீழே தண்ணீர் ஒருபக்கமாகச் சுழன்று கரையையும் தளத்தையும் அரிக்கும். திறக்கும் மின்சாரம் போய்விடும் என்று எடுத்துக்கொண்டே தயாராக இருக்கவேண்டும்: டீசல் ஜெனரேட்டர், அதுவும் கிளம்பாவிட்டால் கையால் சுற்றும் கைப்பிடி. மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு ஷட்டரையும் ஏற்றி இறக்கி, கம்பிவடத்துக்குக் கிரீஸ் போட்டு, ஓர ரப்பரை மாற்றுவது இதற்காகத்தான்.

ஆவியாதலைத் தடுக்கத் தெர்மாகோல் விட்டார்களே, அது ஏன் பலிக்கவில்லை?

2017 ஏப்ரலில் நடந்தது. அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்று அடித்ததும் கரை ஒதுங்கின. பிரச்சினை உண்மையானது: கோடையில் ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியானால், ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்புக்கு வினாடிக்கு இரண்டரை கனஅடி இழப்பு. பல சதுர கிலோமீட்டர் விரிந்த தேக்கத்தில் இது குடிநீர்த் திறப்புக்கு ஈடான அளவை நெருங்கலாம். ஆனால் நங்கூரமில்லாத லேசான அட்டை திறந்த நீர்ப்பரப்பில் நிற்காது. இன்று சில நாடுகளிலும் இந்தியாவிலும் செய்யப்படும் மிதவைச் சூரிய மின்தகடுகள் அடியில் கட்டி நிறுத்தப்படுபவை. நிழலும் தரும், மின்சாரமும் தரும். நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்கும் வைகையில் அதற்குக் கயிறு நீளம், தரைதட்டல் இரண்டும் சவால்.

தூர் வாரினால் மின்சாரம் கூடுமா?

நேரடியாகக் கூடாது. வீழ்ச்சி உயரம் மேல்மட்டத்தைப் பொறுத்தது, அடியில் உள்ள வண்டலைப் பொறுத்ததல்ல. தூர் வாரினால் இருப்பு கூடும், அதனால் பாசன நாட்கள் கூடலாம், அந்த வழியில் இயந்திரம் ஓடும் நாட்களும் கூடலாம்.